பக்கத்தில் ஓடியவர்



ஓட்டப்போட்டி என்றதும் முந்துவதுதான் எமக்கு நினைவில் வரும். நான் இம்மாதம் எழுதுவது முந்தாமல் ஓடிய ஒரு பெண்ணைப் பற்றி.

நோர்வேயைச் சேர்ந்த கிறேற்றே வெய்ட்ஸ் பாடசாலை ஆசிரியையாக இருந்தவர். நியூயோர்க் மரதன் ஓட்டத்தில் 1978 முதல் 1988 வரை ஒன்பது தடவைகள் வென்றவர். 42 கிலோமீற்றருக்கும் அதிகமான அந்தத் தூரத்தை ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலத்தில் ஓடி முடிப்பார். அப்போட்டியை வளர்த்தெடுத்த பிரெட் லெபோ அவருடைய நண்பர்.

1990 இல் லெபோவுக்கு மூளையில் புற்றுநோய் கண்டது. சிகிச்சையின் பின், 1992 இல் தாமும் அந்தப் போட்டியில் ஓடத் துணிந்தார். போட்டிகளிலிருந்து விலகியிருந்த கிறேற்றே, நண்பருக்காக மீண்டும் அந்த வீதிக்கு வந்தார். அவருடைய வேகத்திலேயே பக்கத்தில் ஓடினார். ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் சென்றது. இருவரும் சேர்ந்தே ஓட்டத்தை முடித்தார்கள்.

லெபோ 1994 இல் காலமானார். 2005 இல் கிறேற்றேக்கும் புற்றுநோய் வந்தது. அவர் முடங்கிவிடவில்லை. நோயாளர்கள் உடற்பயிற்சி செய்ய உதவும் அமைப்பொன்றை 2007 இல் தொடங்கினார். 2011 இல் மறைந்தார்.

கிராமங்களில் நான் சந்திக்கும் பெண்கள் சிலர் மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும் வைத்தியசாலைக்குப் போவதில்லை. "கூட வர ஆளில்லை, பிள்ளையளை ஆர் பாக்கிறது?" என்கிறார்கள். யுத்தம் துணையைப் பறித்த வீடுகள் அவை.

உங்கள் அயலிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். கிளினிக் நாளில் அவருடன் பஸ்ஸில் ஏறுங்கள். இயலாவிட்டால் அன்று அவருடைய பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். முற்பட்டுக் கண்டால் இந்நோயைக் குணமாக்கும் வாய்ப்பு அதிகம்.