கதிரைக்கு ஏது மதம்?

அறுகம்பையில் கடைப் பலகைகள் சிலவற்றில் ஹீப்ரு எழுத்துக்கள் தென்படத் தொடங்கியதிலிருந்து, பொத்துவில் முதல் கல்முனை வரை ஒரு பேச்சு என் காதில் விழுந்து கொண்டே இருக்கிறது. அங்கு தாக்குதல் நிகழலாமென 2024 ஒக்டோபர் 23இல் அமெரிக்கத் தூதரகம் எச்சரிக்கை விடுத்த பின்னர் அப்பேச்சு இன்னும் உரத்தது. ஹீப்ரு சபிக்கப்பட்ட மொழி, அதைக் கற்பது ஈமானுக்கே கேடு என்பதே அதன் சாரம். சொல்பவர்களில் படித்தவர்களும் இருக்கிறார்கள் என்பதால்தான் எழுத வேண்டியதாயிற்று.

ஒரேயொரு சொல்லை எடுத்துக் கொள்வோம். கதிரைக்கு ஹீப்ரு மொழியில் ‘கிஸ்ஸே’ என்று பெயர். இன்றைய டெல் அவிவ் உணவகத்தின் பிளாஸ்டிக் கதிரையும் கிஸ்ஸேதான். பழைய வேதத்தில் சுலைமான் நபி தந்தத்தால் செய்வித்த அரியணையும் கிஸ்ஸேதான். இராஜாக்களின் இரண்டாம் ஆகமத்தில் ஒரு பெண்மணி, எலிசா தீர்க்கதரிசிக்காக மாடியில் ஒரு சிற்றறை அமைத்து, கட்டில், மேசை, விளக்கு ஆகியவற்றோடு ஒரு கிஸ்ஸேயும் போட்டு வைக்கிறாள். ஏழை அமர்வதற்கும் அரசன் அமர்வதற்கும் அம்மொழி ஒரே சொல்லையே வைத்திருக்கிறது. தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள்தான் நாற்காலி என்றும் சிங்காசனம் என்றும் அதைப் பிரித்தார்கள்.

இனி நம் வீட்டு வாசலுக்கு வருவோம். கல்முனையில், சாய்ந்தமருதில், அக்கரைப்பற்றில் எத்தனை வீடுகளின் நிலைக்கு மேல் ஆயதுல் குர்ஸி தொங்குகிறது! உறங்கப் போகும் பிள்ளைக்கு உம்மா ஓதி ஊதுவதும் அதுதானே? அந்தக் ‘குர்ஸி’யும் இந்தக் ‘கிஸ்ஸே’யும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டுக்கும் இடையே அரமேய மொழியின் ‘குர்ஸயா’ நிற்கிறது. இவற்றுக்கெல்லாம் முன்னர் பாபிலோனில் பேசப்பட்ட அக்காத்திய மொழியில் ‘குஸ்ஸூ’ இருந்தது. சுலைமான் நபியின் அரியணையைப் பழைய வேதம் கிஸ்ஸே என்கிறது. அதே நபியின் அரியணையை அல்குர்ஆனின் ஸாத் அத்தியாயம் (38:34) குர்ஸி என்கிறது. ஒரே நபி, ஒரே இருக்கை, உடன்பிறந்த இரு சொற்கள். ஒன்றைச் சுவரில் மாட்டி முத்தமிடுகிறோம். மற்றதைக் கேட்டாலே காதைப் பொத்த வேண்டுமாம்!

நம் முன்னோர் இவ்வளவு பயந்தாங்கொள்ளிகளாக இருக்கவில்லை. 1505இல் மறைந்த இமாம் ஸுயூத்தி, அல்குர்ஆனில் காணப்படும் பிறமொழி மூலச் சொற்களென்று கருதப்பட்டவற்றைத் தொகுத்தார். பாரசீகம், கிரேக்கம், அபிசீனியம் என்று வகுத்த அவர் ஹீப்ருவுக்கும் ஒரு பிரிவு வைத்தார். குர்ஆனில் அரபு அல்லாத சொல்லே இல்லை என்பது இமாம் ஷாஃபிஈயின் கருத்து. இரு தரப்பாரும் அறிவால் வாதிட்டார்கள். இன்னும் முன்னே போனால், யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்ததும், அவர் அதை அரை மாதத்திற்குள் கற்றுத் தேர்ந்ததும் திர்மிதியில் பதிவாகியுள்ளன. தமது கடிதங்களின் விடயத்தில் யூதர்களை நம்ப முடியாது என்பதையே நபியவர்கள் காரணமாகச் சொன்னார்கள். அவநம்பிக்கை இருந்த இடத்திலும் அன்று கிடைத்த கட்டளை ‘கற்றுக்கொள்’ என்பதே.

பகைவரின் சொல் தீட்டு என்போரிடம் ஒரு கேள்வி. ‘கதிரை’ யாருடைய சொல்? போர்த்துக்கேயரின் ‘கதெய்ரா’ அது. மேசை, சாவி, அலுமாரி, ஜன்னல் எல்லாம் அவர்களோடு கப்பலேறி வந்தவை. அந்தப் போர்த்துக்கேயர் நம்மை என்ன செய்தார்கள்? 1626இல் அவர்கள் மேற்குக் கரையிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள். விரட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினரைக் கண்டி மன்னன் செனரத் இந்தக் கிழக்குக் கரையில் குடியேற்றினான். துரத்தியவனின் சொல்லில் அமர்ந்து, துரத்தியவனின் சொல்லால் கதவைத் திறந்து, நானூறு ஆண்டுகளாக வாழ்கிறோம். எந்தப் பள்ளிவாசலிலும் ‘சாவி’ ஹராமென்று அறிவித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

காஸாவில் கொல்லப்பட்ட பிள்ளைகளுக்காகக் கொதிக்கும் மனதை நான் குறை சொல்லவில்லை. என் மனமும் அப்படித்தான் கொதிக்கிறது. அறுகம்பையில் கேட்க வேண்டிய கேள்விகளும் இருக்கின்றன. வெளிநாட்டார் நடத்தும் வழிபாட்டு இல்லத்திற்கு அனுமதி உண்டா? சுற்றுலா விசாவில் வந்தவர் வியாபாரம் செய்யலாமா? நம் மீனவரின் கரை யாருக்குப் போகிறது? இவற்றைப் பிரதேச சபையிடமும் அமைச்சிடமும் பாராளுமன்றத்திலும் சட்டப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். அதற்கு உழைப்பு வேண்டும், துணிவும் வேண்டும். எழுத்தைச் சபிப்பதற்கு இரண்டுமே வேண்டாம். ஆகவேதான் பலருக்கும் அது இலகுவாக இருக்கிறது.

2019 ஏப்ரலுக்குப் பின்னர் இந்த நாட்டில் அரபு எழுத்தைக் கண்டவர்களெல்லாம் அதைப் பயங்கரவாதத்தின் அடையாளமாகப் பார்த்தார்கள். வீட்டில் இருந்த அரபு நூல்களை ஒளித்து வைக்கும் அளவுக்கு நாம் அஞ்சினோம். ஓர் எழுத்து குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படும்போது அதைப் பேசும், ஓதும் மக்களுக்கு என்ன வலிக்கும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? அந்த வலியை அறிந்த நாமே இன்னோர் எழுத்தை அதே கூண்டில் ஏற்றினால், நாளை நமக்காகப் பேச நாக்கு எழாது.

கொலைக்குக் கட்டளையிடுபவனைக் கண்டியுங்கள். அவன் அமர்ந்திருக்கும் கதிரையின் பெயர் ஒரு குற்றமும் செய்யவில்லை.