விளக்கு அணைந்ததும் காரணத்தைக் கேளுங்கள்

 

நம் குடும்பங்கள் பலவற்றில் ஆண்மக்கள் பொருளீட்டும் பொருட்டுச் சவூதியிலும் துபையிலும் இருக்க, இல்லத்தை நிர்வகிக்கும் பொறுப்பு முழுவதும் பெண்மணிகளிடமே உள்ளது. சஹர் நேரத்தில் வீடு திடீரென இருண்டுவிட்டால், அந்நியரான மின்பணியாளரை அவ்வேளையில் அழைக்கக் கூச்சம். அழைத்தாலும் வருவாரோ என்ற ஐயம். ஆகவே, வீட்டிலுள்ள சிறுவனை நாற்காலியின் மீது ஏற்றி, "அந்தக் கம்பியைச் சற்று முறுக்கிப் பார், வாப்பா" என்று சொல்லும் வழக்கம் சில இல்லங்களில் இருக்கிறது. இருளைக் காட்டிலும் அஞ்சத்தக்கது இதுவே.

மின்சாரம் நின்றவுடன் அதை எப்படி வரவழைப்பது என்று யோசிப்பதற்கு முன், அது ஏன் நின்றது என்று பாருங்கள். அதற்குரிய ஒழுங்குமுறையை இம்மாதம் காண்போம்.

முதலில் வெளியே பாருங்கள்

தெருவிளக்கும் அண்டை வீட்டு விளக்குகளும் எரிகின்றனவா? அவையும் அணைந்திருந்தால் கோளாறு வெளியில்தான். காத்திருப்பதே வழி. எதிர்வீட்டில் ஒளி இருந்து, உங்கள் வரிசையில் மட்டும் இல்லையென்றால், மும்முனை இணைப்பில் ஒரு 'பேஸ்' போயிருக்கக்கூடும். தமிழ்நாட்டில் இருப்போர் 2021ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'மின்னகம்' மையத்தை 94987 94987 என்ற எண்ணில் அழைத்துத் தெரிவிக்கலாம். மீட்டரை ஒட்டி மின்வாரியம் முத்திரையிட்டு வைத்துள்ள பியூஸ் கட்டையை நாம் தொடலாகாது. தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் அருகில் செல்லாமலும் பிறரைச் செல்லவிடாமலும் தடுத்து, உடனே தகவல் கொடுங்கள்.

மும்முனை இணைப்புள்ள வீடுகளில் ஒரு குறியை மட்டும் மறவாதீர்கள். ஓர் அறையில் விளக்கு மங்கலாகவும், மற்றோர் அறையில் அளவுக்கு மீறிப் பிரகாசமாகவும் எரிந்தால், 'நியூட்ரல்' கம்பி அறுந்திருக்கிறது என்று ஐயுற வேண்டும். 230 வோல்ட் செல்ல வேண்டிய இடத்தில் அதைவிட மிகுதியாகப் பாயும். ஒரு கணமும் தாமதியாமல் மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

பிறகு உள்ளே வாருங்கள்

ஊரெல்லாம் ஒளி இருந்து நம் வீடு மட்டும் இருண்டிருந்தால், டார்ச் விளக்குடன், உலர்ந்த கையும் காலில் செருப்புமாக மெயின் பலகையின் அருகே செல்லுங்கள். பலகை சுட்டாலோ, கருகிய வாடை வீசினாலோ, இரைச்சல் கேட்டாலோ எதையும் மேலே ஏற்ற வேண்டாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மின்பணியாளரை அழையுங்கள்.

அத்தகைய அறிகுறி இல்லையெனில், எந்த நெம்பு கீழே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். 'ட்ரிப்பர்' என நாம் அழைக்கும் சிறிய எம்.சி.பி. விழுந்திருந்தால் பளு மிகுந்திருக்கலாம். அல்லது கம்பிகள் ஒன்றோடொன்று உரசிக் குறுக்குமின் ஓட்டம் ஏற்பட்டிருக்கலாம். சாதனங்கள் ஓடத் தொடங்கிச் சில நிமிடங்கள் கழித்து விழுந்தால் பளு. சுவிட்சைப் போட்ட கணமே விழுந்தால் பெரும்பாலும் உரசல். 16 ஆம்பியர் நெம்பு தாங்குவது ஏறத்தாழ 3,680 வாட். கீசர் 2,000, மின்கெண்டி 1,500, இஸ்திரிப் பெட்டி 1,000 என மூன்றும் ஒரே சுற்றில் ஓடினால் 4,500 வாட் ஆகிவிடும். நோன்புக் காலத்தில் சஹருக்கு எல்லாவற்றையும் ஒருசேர இயக்குவோர் இதைக் கருத்திற்கொள்க.

பெரிய நெம்பான ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தால், மின்சாரம் எங்கோ கசிகிறது என்று பொருள். இல்லங்களில் பொருத்தப்படுவது பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் வகை. 40 வாட் குண்டு பல்பு ஒன்று எரிவதற்கே சுமார் 170 மில்லி ஆம்பியர் வேண்டும். அதில் ஆறில் ஒரு பங்குக்கும் மேற்பட்டு நம் உடலில் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால்தான் இந்த அளவு.

கசிவைக் கண்டறியும் முறை எளிது. சிறிய நெம்புகள் அனைத்தையும் கீழே இறக்குங்கள். பெரியதை முழுவதும் கீழே அழுத்தி, பின்பு மேலே ஏற்றுங்கள். அது நின்றால் சிறியவற்றை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது மீண்டும் விழுகிறதோ, அந்தச் சுற்றில்தான் கோளாறு. அச்சுற்றிலுள்ள கீசர், கிரைண்டர், குளிர்பதனப் பெட்டி யாவற்றின் பிளக்குகளையும் கழற்றிவிட்டு மீண்டும் ஏற்றிப் பாருங்கள். நின்றால் சாதனங்களில் ஒன்றே குற்றவாளி. ஒவ்வொன்றாகச் செருகினால் அகப்பட்டுவிடும். அதை ஒதுக்கிவையுங்கள். எல்லாவற்றையும் கழற்றிய பின்னும் விழுந்தால் கோளாறு சுவருக்குள் இருக்கிறது. அந்தச் சுற்றை மட்டும் அணைத்து வைத்து, விடிந்ததும் ஆளை அழையுங்கள். விழும் நெம்பைக் கயிற்றால் கட்டி நிறுத்துவது வீட்டுக்கே கேடு.

பழைய இல்லங்களுக்கு

பியூஸ் கட்டை உள்ள வீடுகளில், கம்பி எரிந்ததற்கான காரணத்தை நீக்கிய பிறகே புதிய கம்பி போட வேண்டும். மெயின் சுவிட்சு அணைந்த பின்னரே கட்டையைக் கழற்றுங்கள். விளக்குச் சுற்றுக்கு 5 ஆம்பியர் கம்பி என்றால் 5 தான். "அடிக்கடி போகிறதே" என்று இரட்டைக் கம்பியும், கொண்டை ஊசியும், சிகரெட் தாளும் வைப்போர் உண்டு. பியூஸ் கம்பி எரிந்து வீட்டைக் காக்கிறது. அது எரியாவிட்டால் சுவருக்குள் இருக்கும் கம்பி எரியும். இன்வெர்ட்டர் வைத்திருப்போர், மெயினை அணைத்தாலும் பேட்டரியிலிருந்து சில கம்பிகளில் மின்சாரம் ஓடும் என்பதை அறிந்து, அதையும் அணைத்துவிட வேண்டும்.

உறங்கப் போகுமுன் விளக்குகளை அணைத்துவிடுமாறும், எலி திரியை இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக்கூடும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இன்று எலி கடிப்பது மின்கம்பியை, எச்சரிக்கையோ அதேதான். மின்தடையின்போது மெழுகுவர்த்தியைத் திரைச்சீலையின் அருகில் வைத்துவிட்டு உறங்குவோரும் இதைச் சிந்திக்க வேண்டும்.

இன்றே செய்யத்தக்கவை

பலகையிலுள்ள ஒவ்வொரு நெம்பின் கீழும் அது எந்த அறைக்குரியது என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஆர்.சி.சி.பி.யில் 'டி' எழுத்துள்ள சிறு பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழாவிட்டால் அது பழுது. மெயின் சுவிட்சு எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள பெண்பிள்ளைகளுக்கும் காட்டிக்கொடுங்கள். யாரையேனும் மின்சாரம் தாக்கினால், அவரைத் தொடாமல் முதலில் அணைக்க வேண்டியது அதைத்தான். பின்பு 108ஐ அழைக்க வேண்டும். உரிமம் பெற்ற, நம்பகமான மின்பணியாளர் ஒருவரின் எண்ணை இப்போதே குறித்துவையுங்கள். அவர் வரும்போது உடனிருக்க மாமாவோ, பக்கத்து வீட்டுப் பெரியவரோ யாரென்று முன்கூட்டியே பேசிவைத்தால், கூச்சத்தின் பொருட்டு ஆபத்தைத் தேட வேண்டிய நிலை வாராது.

உயிர் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஓர் இரவு விளக்கின்றிக் கழிவதால் நட்டமேதுமில்லை. நம் இல்லங்களையும் மக்களையும் எல்லா ஆபத்துகளிலிருந்தும் அவன் காத்தருள்வானாக! ஆமீன்.