காளான் புகைக்குக் கீழே ஒரு கடைத்தெரு
பெயர்கூடக் கேள்விப்பட்டிராத ஒரு ஜப்பானிய அனிமேஷன் படம் இப்படி மனதைப் பிடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கவில்லை. சுனாவோ கதாபுச்சி இயக்கி 2016-இல் வெளிவந்த ‘இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்’ போர்க்காலக் கதைதான். ஆனால் அதில் பாதி அடுப்படியிலேயே நடக்கிறது. ஹிரோஷிமாவிலிருந்து கூரே என்னும் கடற்படைத் துறைமுகத்துக்கு வாழ்க்கைப்பட்டு வரும் சூசு, ரேஷன் குறையக் குறைய வழியோரத்துக் கீரைகளைப் பறித்து வந்து ஆக்கிப்போடுகிறாள். ஒருநாள் அரிசியை வறுத்து, இரவெல்லாம் தண்ணீரில் ஊறப்போட்டு, பெருகவைத்துச் சோறாக்குகிறாள். பானை என்னவோ நிறைகிறது, வாயில் வைக்க முடியவில்லை. போர் ஒரு வீட்டுக்குள் எப்படி நுழைகிறது என்பதை இதைவிட நெருக்கமாக எந்தப் போர்க்களக் காட்சியும் எனக்குச் சொன்னதில்லை. ஹிரோஷிமாவில் சிறுமி சூசு வந்துபோகும் நகாஜிமா கடைத்தெரு இருந்த இடம் இன்று அமைதி நினைவுப் பூங்கா. பழைய புகைப்படங்களையும் அங்கே வாழ்ந்தவர்களின் நினைவுகளையும் துணையாகக் கொண்டு அந்தத் தெருவை மீட்டு வரைந்திருக்கிறார் கதாபுச்சி. அணுகுண்டின் காளான் புகையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்; அதன் கீழே ஜவுளிக்கடை வாசலில் நின்ற கூட்டத்தை யார் பார்த்தோம்? எதை இழந்தோம் என்று காட்டாமல் இழப்பை மட்டும் காட்டினால் பரிதாபம்தான் மிஞ்சும். இனி எந்தக் கேமராவுக்கும் எட்டாதபடி அழிந்துபோன ஊரைக் கோடு கோடாக எழுப்பித் தர ஓவியத்தால் முடிகிறது; அனிமேஷனைக் குழந்தைகளுக்கானது என்று ஒதுக்குபவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும்.