படிக்க அனுமதி தந்தவர்களே பட்டத்தைத் தள்ளுகிறார்கள்

பதில் வந்துவிட்டது. என் பி.ஏ. பட்டம் பதவி உயர்வுக்குச் செல்லாதாம். பத்தாவதும் பன்னிரண்டாவதும் முடித்த பிறகு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம்தான் அரசுப் பணிக்குச் செல்லுமாம். 2009 ஆகஸ்ட் 18 தேதியிட்ட அரசாணை எண் 107-ஐக் காட்டி என் மனுவை முடித்துவிட்டார்கள்.

வயிறு எரிகிறது அய்யா. யாரிடம் போய்ச் சொல்ல?

எட்டாவதோடு என் படிப்பு நின்றது. நான் நிறுத்தவில்லை. எங்கள் ஊரில் அதற்கு மேல் பள்ளி இல்லை. வயசுக்கு வந்த பெண்ணை பஸ் ஏற்றி அனுப்ப வீட்டில் மனசில்லை. கட்டிக்கொடுத்தார்கள். கணவர் அரசுப் பணியில் இருந்தபோதே இறந்தார். இரண்டு பிள்ளைகளோடு நின்ற எனக்குக் கருணை அடிப்படையில் அலுவலக உதவியாளர் வேலை கொடுத்தார்கள். எட்டாவது தேறியவளுக்கு அதற்கு மேல் கேட்க வாயில்லை. அதனால்தான் படிக்க நினைத்தேன்.

எல்லோருக்கும் முன்னால் போய்க் கதவைத் திறக்க வேண்டும். அதிகாரி கிளம்பிய பிறகுதான் பூட்ட வேண்டும். நடுவில் தபால், கோப்பு, டீ, மாடிப்படி. ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் புத்தகத்தைப் பிரிப்பேன். ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பு. சின்னவனைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டு ஓடுவேன். அந்த வகுப்பில் என் பக்கத்தில் யார் இருந்தார்கள் தெரியுமா? சத்துணவுக்கூடத்துச் சமையலம்மா, பேருந்து நடத்துநர், மருத்துவமனையில் கூட்டிப் பெருக்குகிற அண்ணன். ராத்திரிப் பணி முடித்து அப்படியே வந்து உட்காருவார் அவர். கண் சொருகும், எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்து மறுபடி குறிப்பெடுப்பார்.

ஒருமுறை தேர்வன்று ஆய்வு வந்தது. விடுப்புக் கேட்டேன். "ஏம்மா, நீ படிச்சு கலெக்டராகப் போறியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார் மேலாளர். அன்றைக்குத் தண்ணீர்க் குடம் தூக்கிக்கொண்டு நின்றேன். தேர்வு போயிற்று. அடுத்த பருவத்தில் மறுபடி பணம் கட்டி எழுதித் தேறினேன்.

நான் ஒளிந்து படிக்கவில்லை. மேற்படிப்புக்குத் துறை அனுமதி கேட்டு எழுதினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். எட்டாவதுதான் படித்தவள் என்று என் பணிப்பதிவேட்டில் இருந்தது. அதைப் பார்த்துத்தானே கொடுத்தார்கள்? பட்டம் வாங்கியதும் அதையும் அதே பதிவேட்டில் ஏற்றினார்கள். பல்கலைக்கழகமும் என் வயதுச் சான்றை வாங்கி, நுழைவுத் தேர்வு வைத்து, கட்டணம் வாங்கித்தான் சேர்த்தது. முன்படிப்பு இல்லாதவரும் 21 வயதாகி, நுழைவுத் தேர்வில் தேறினால் தொலைநிலையில் பட்டம் படிக்கலாம் என்று 1985-லேயே விதி வகுத்தது பல்கலைக்கழக மானியக் குழு. பள்ளியைத் தொட முடியாமல் போனவர்களுக்கென்றே போட்ட வழி அது. வழியைப் போட்டார்கள், நடக்கச் சொன்னார்கள், நடந்து முடித்தவளைப் பார்த்து ஏன் பள்ளிக்கூடம் வழியாக வரவில்லை என்கிறார்கள்.

நான் சேர்ந்தது 2006-ல். கடைசி ஆண்டுத் தேர்வெழுதி முடிவுக்குக் காத்திருந்தபோதுதான் அந்த அரசாணையே வந்தது. சேரும்போது இல்லாத விதியை நான் எப்படி மீறியிருக்க முடியும்?

தரம் கெட்டுவிடும் என்கிறார்கள். குறுக்கு வழியில் பட்டம் வாங்கியவர் இருந்தால் பிடியுங்கள், தண்டியுங்கள். என் விடைத்தாள்களை எடுத்துப் பாருங்கள். இன்றைக்கும் எங்கள் அலுவலகத்தில் புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் குறிப்பாணை எழுதும் முறையை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறார்கள், நான் நின்றுகொண்டு சொல்கிறேன்.

இப்போது பத்தாவதைத் தனித்தேர்வராக எழுதச் சொல்கிறார்கள். எழுதுகிறேன், படிப்பதற்கு நான் என்றைக்கும் பயந்ததில்லை. ஆனால் எழுதித் தேறினாலும் பட்டம் அதற்கு முன்னால் வாங்கியதுதானே, அது அப்போதும் செல்லாது என்கிறார் பிரிவு எழுத்தர். பத்தாவது, பிறகு பன்னிரண்டாவது, பிறகு மறுபடியும் மூன்று வருடம் பி.ஏ. ஓய்வு வயது 60. எனக்கு எத்தனை வயதென்று அதே பதிவேட்டில்தான் இருக்கிறது, பாருங்கள்.

எனக்குச் சலுகை வேண்டாம். அரசாணை வருவதற்கு முன்னால், துறையின் அனுமதியோடு சேர்ந்து படித்தவர்களுக்கு அது பொருந்தாது என்று ஒரு வரி எழுதுங்கள். நான் ஓய்வு பெற்றுப் போனாலும் பரவாயில்லை, எழுதுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் என்னைவிடச் சின்னவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு இன்னும் வருடங்கள் மிச்சமிருக்கின்றன.