எதையும் மறக்காத கணக்குப்பிள்ளை

'ரிப்போர்ட் ஃபைனல்', 'ரிப்போர்ட் ஃபைனல் 2', 'ரிப்போர்ட் நிஜமாகவே ஃபைனல்'. ஒரே ஃபைலுக்கு இப்படிப் பல பெயர் சூட்டிச் சேமிக்கும் பழக்கம் கம்ப்யூட்டர் தெரிந்த பலருக்கும் உண்டு. எது கடைசி என்பது ஒரு மாதத்தில் பெயர் சூட்டியவருக்கே மறந்துவிடும். நான்கு பேர் சேர்ந்து புரொகிராம் எழுதும் இடத்திலோ, ஒருவரின் உழைப்பை மற்றவர் தெரியாமலே அழித்துவிடுகிறார்.

இதற்கு மருந்து 1972லேயே பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது: ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துவைக்கும் சாஃப்ட்வேர். இன்று இந்தத் துறையில் கோலோச்சுவது 'கிட்'. அது பிறந்தது அவசரத்தில். லினக்ஸ் குழு பயன்படுத்திவந்த பிட்கீப்பரின் இலவச அனுமதி 2005ல் ரத்தானது. மாற்று எதுவும் பிடிக்காத லினஸ் டோர்வால்ட்ஸ், ஏப்ரல் 3ம் தேதி தானே எழுத உட்கார்ந்தார். 7ம் தேதி கிட் தன் சொந்த மாற்றங்களையே பதிவு செய்யத் தொடங்கிவிட்டது.

புதியவருக்குக் கட்டளைகளைத் தட்டத் தயக்கம் என்றால், பட்டனை அழுத்தி வேலை வாங்க கிட்ஹப் டெஸ்க்டாப், டார்டாய்ஸ்கிட் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் வேலை, பெயரும் ஈமெயில் முகவரியும் கொடுப்பது. ஒவ்வொரு பதிவிலும் அவை ஒட்டிக்கொள்ளும் என்பதால் யோசித்துக் கொடுப்பது நல்லது. பிறகு மூன்றே சொற்கள் போதும். மாற்றத்தைக் குறிப்புடன் பதிவது 'கமிட்'. அதை சர்வருக்கு அனுப்புவது 'புஷ்'. மற்றவர்கள் செய்ததை வாங்கிக்கொள்வது 'புல்'.

பலர் இடறுவது முதல் இரண்டுக்கும் இடையில்தான். கமிட் செய்தது சொந்த கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் போனால் அதுவும் போகும். மாலையில் ஒரு புஷ் அந்தக் கவலையைத் தீர்க்கும். குறிப்பும் முக்கியம். வெறுமனே 'திருத்தம்' என்றால் யாருக்கும் பயனில்லை. 'வட்டிக் கணக்கில் லீப் ஆண்டுப் பிழை நீக்கம்' என்றால் ஆறு மாதம் கழித்தும் புரியும்.

இந்த ஞாபகசக்தியே ஆபத்தாகவும் முடியலாம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள ஃபைல் ஒருமுறை பதிவாகிவிட்டால், மறுநாள் அழித்தாலும் பழைய பதிவில் அப்படியே இருக்கும். எல்லோரும் பார்க்கக்கூடிய சர்வருக்குப் போயிருந்தால், அதைத் தேடி எடுப்பதற்கென்றே புரொகிராம்கள் சுற்றுகின்றன. அப்போது முதலில் செய்ய வேண்டியது பாஸ்வேர்டை மாற்றுவது. வரலாற்றைச் சுத்தம் செய்வதெல்லாம் பிறகுதான். இத்தகைய ஃபைல்களின் பெயர்களை 'கிட்இக்னோர்' ஃபைலில் தொடக்கத்திலேயே எழுதிவைத்தால், கிட் அவற்றைத் தொடாது.

நல்ல கணக்குப்பிள்ளை எதையும் மறப்பதில்லை. எதை அவர் கண்ணில் காட்டுவது என்பதை முதலாளிதான் தீர்மானிக்க வேண்டும்.