வால் ஜாக்கிரதை பாஸ்!

கலரைப் பார்த்து மயங்கி, நாலு வகை மீனை வாங்கி ஒரே தொட்டியில் விட்டாச்சு. மறுநாள் காலையில் ஏஞ்சலுக்குப் பாதி வாலைக் காணோம். பக்கத்திலேயே 'எனக்கு எதுவும் தெரியாதுப்பா'ன்னு சுத்திக்கிட்டிருக்கும் டைகர் பார்ப்!

அதுக்காக அதை வில்லனாக்கிடாதீங்க. டைகர் பார்ப் கூட்டத்தோட வாழ்ற மீன். ஆறு, எட்டு இருந்தா துரத்தல், சீண்டல் எல்லாம் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே முடிஞ்சிடும். ரெண்டே ரெண்டை விட்டா அடுத்தவன் துடுப்புதான் பொழுதுபோக்கு. எப்படியும் ஏஞ்சல், கப்பி, ஃபைட்டர் மாதிரி நீளத் துடுப்பு பார்ட்டிகளோடு சேர்க்காம இருப்பதே நல்லது.

'காசு கொடுத்து வாங்குறதுதானே பிரச்னை, பழவேற்காடு ஏரியில இருந்து சும்மா பிடிச்சுட்டு வர்றேன்'கிறீங்களா? அங்கே வலையில் கறுப்புக் கோடு போட்ட கீச்சான் குஞ்சு சிக்கும். பார்க்க செம அழகு. ஆனா, மற்ற மீன்களின் செதிலையே பிய்ச்சுத் தின்கிற ஆசாமி அது. 1978-லேயே தென்னாப்பிரிக்காவில் இதைப் பதிவு பண்ணியிருக்காங்க. தவிர, அது உப்புத்தண்ணி மீன். நம்ம வீட்டுக் குழாய்த்தண்ணி அதுக்கு ஆகாது.

கடிக்கிறதெல்லாம் பகையும் இல்லை. பழவேற்காட்டில் கிடைக்கும் பேர்ல் ஸ்பாட்டை, கேரளாக்காரங்க 'கரிமீன்'னு கொண்டாடுவாங்க. அதோட சொந்தக்காரன் ஆரஞ்சு குரோமைடு. இதன் குஞ்சுகள் பேர்ல் ஸ்பாட்டின் உடம்பைக் கொத்திக் கொத்திச் சுத்தம் பண்ணும்னு 1972-ல் ஒரு ஆய்வு வந்தது. அதே ஆரஞ்சு குரோமைடு, சான்ஸ் கிடைச்சா பேர்ல் ஸ்பாட்டின் முட்டையையும் தின்னும்! ஏரியில் விலகி ஓட இடமிருக்கு. ரெண்டடித் தொட்டியில் எங்கே ஓடுறது?

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு'ன்னு ஒரு வழக்கம் உண்டு. மீன் நல்லாக் கிடைக்கிற இடத்துக்கு எல்லாரும் ஒரே நாளில் பாய மாட்டாங்க. முறை வெச்சுப் போவாங்க. மீனுக்கு அப்படி முறை வைக்கத் தெரியாது. அது உங்க வேலை. தொட்டி பெருசா இருக்கட்டும். ஒளிய செடி, கல் வையுங்க. ஒரே மாதிரி தண்ணி கேட்கிற மீன்களை மட்டும் சேருங்க. வால் கடிபட்டதை உடனே தனித்தொட்டிக்கு மாத்தி, தண்ணியைச் சுத்தமா வெச்சிருந்தா துடுப்பு மெள்ள வளர்ந்திடும்.

அடுத்த தடவை கடையில், 'இது என்ன விலை?'க்கு முன்னாடி, 'இது யாரோட ஒத்துப்போகும்?'னு கேளுங்க!