மலைமேல் பள்ளி, மொட்டைக் கடிதம்

விடுதியோடு கூடிய பெரிய இடத்துப் பள்ளி. அங்கே ஒரு மர்மச் சாவு. துப்பறியக் கிளம்பும் ஒரு மாணவி. பதின்பருவத்தினருக்கான ஆங்கில நாவல்களில் இந்த வகைக்குப் பஞ்சமே இல்லை. பத்துப் பக்கம் புரட்டினால் போதும், மீதிக்கதையை நீங்களே சொல்லிவிடலாம். அமெரிக்க எழுத்தாளர் மோரீன் ஜான்சனின் ‘ட்ரூலி டீவியஸ்’ (2018) அப்படிச் சொல்ல விடாது.

கதை நடக்கும் இடம் வெர்மாண்ட் மாநிலத்து மலைமேல் இருக்கும் எலிங்ஹாம் அகாடமி. ஆல்பர்ட் எலிங்ஹாம் என்ற கோடீஸ்வரர் கட்டியது. விடுகதை, புதிர் என்றால் அவருக்கு உயிர். படிப்பும் ஒரு விளையாட்டாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கட்டணம் கிடையாது, ஆனால் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு.

1936 ஏப்ரலில் அவர் மனைவி ஐரிஸும் சின்ன மகள் ஆலிஸும் கடத்தப்படுகிறார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் ஒரு மொட்டைக் கடிதம் வந்திருந்தது. அச்செழுத்துகளை வெட்டி ஒட்டி, எத்தனை விதமாகக் கொல்லலாம் என்று பாட்டாகவே எழுதிய கடிதம். ‘இப்படிக்கு உண்மையுள்ள’ என்று முடிய வேண்டிய இடத்தில் ‘உண்மையிலேயே வஞ்சகமான’ என்று பொருள்படும் கையெழுத்து. புத்தகத்தின் பெயரும் அதுவே. ஒருவனைப் பிடித்துத் தண்டனையும் கொடுத்தார்கள். ஆனாலும் வழக்கு தீர்ந்ததாக யாரும் நம்பவில்லை.

இதைப் படிக்கும்போது லிண்ட்பெர்க் வழக்கு நினைவுக்கு வராமல் போகாது. விமானி சார்லஸ் லிண்ட்பெர்கின் 20 மாதக் குழந்தை 1932 மார்ச் 1 அன்று வீட்டிலிருந்தே கடத்தப்பட்டது. 50,000 டாலர் கொடுத்தும் குழந்தை திரும்பவில்லை. மே மாதம் சடலம்தான் கிடைத்தது. புரூனோ ஹாப்ட்மன் என்ற தச்சருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட நாள் 1936 ஏப்ரல் 3. நாவலின் கடத்தலும் அதே மாதத்தில். அவர்தான் குற்றவாளியா என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. கற்பனைக் கதைக்கு நிஜத்தின் கனம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

சுமார் 80 ஆண்டுக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கு வருகிறாள் பிட்ஸ்பர்க் பெண் ஸ்டீவி பெல். அகதா கிறிஸ்டியும் ஷெர்லாக் ஹோம்ஸும் அவளுக்கு மனப்பாடம். எலிங்ஹாம் வழக்கைத் தீர்ப்பதுதான் லட்சியம் என்று சொல்லியே இடம் வாங்கியவள். தேதி, சாட்சி, வரைபடம் எல்லாம் விரல்நுனியில். அப்போதுதான் உடன் படிக்கும் மாணவன் ஒருவன், யூடியூபில் பிரபலமானவன், வளாகத்திலேயே இறந்துபோகிறான்.

நாவல் உயரும் இடம் இதுதான். பழைய வழக்கில் செத்தவர்கள் அவளுக்குப் புகைப்படங்கள், குறிப்புகள். இவனோ நேற்றுப் பேசியவன். சொல்லப்போனால் அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்காதவன். துப்புத் தேட மூளை பரபரக்கிறது, கை நடுங்குகிறது. மூச்சுமுட்டும் பதற்றம் ஸ்டீவிக்கு ஏற்கெனவே உண்டு, அதற்கு மாத்திரையும் சாப்பிடுகிறாள். இதை ஒரு பெரிய ரகசியமாகவோ வீரக்கதையாகவோ ஆசிரியர் ஆக்கவில்லை. கண்ணாடி போடுவதைப் போலச் சொல்லிவிட்டுப் போகிறார். பிள்ளை ராத்திரியில் தூங்காமல் ஏன் விழித்திருக்கிறது என்று யோசிக்கும் பெற்றோர் இந்தப் பக்கங்களை நிறுத்திப் படிக்கலாம்.

டாட்டி எப்ஸ்டீனை மறக்க முடியாது. 1936-ல் அங்கே படித்த நியூயார்க் ஏழைப் பெண், புத்தகப்புழு. அந்தக் கடத்தலின்போது அவளும் உயிரிழக்கிறாள். உலகம் கோடீஸ்வரர் குடும்பத்தையே பேசிக்கொண்டிருக்க, மோரீன் ஜான்சன் முதல் அத்தியாயத்தை டாட்டிக்குக் கொடுத்துவிட்டார். வழக்கு ஆவணத்தில் ஓரமாக நிற்கும் ஒரு பெயருக்கு முகமும் குறும்பும் ஆசையும் வந்துவிடுகின்றன. பிறகு அவள் சாவை வெறும் புதிராகப் பார்க்க வாசகரால் முடிவதில்லை.

குறை இல்லாமலில்லை. ஸ்டீவிக்கும் டேவிட்டுக்கும் நடுவே வரும் காதல் அவ்வளவாக ஒட்டவில்லை. நடுவில் கொஞ்சம் இழுவை. விடுதித் தோழர்களில் கதை எழுத முடியாமல் திணறும் நேட் மட்டும் வரும்போதெல்லாம் சிரிக்க வைக்கிறான்.

இன்னொரு விஷயத்தை முன்பே சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு புத்தகத்தோடு எந்த முடிச்சும் முழுதாக அவிழாது. சரியான இடத்தில் ‘தொடரும்’ போட்டு வாரக்கணக்கில் காக்கவைத்த தொடர்கதைகளைப் படித்து வளர்ந்த பாட்டிமார் இதைச் சிரித்தபடி தாங்கிக்கொள்வார்கள். பேரப்பிள்ளைகளுக்குக் கோபம் வரும். ‘தி வானிஷிங் ஸ்டேர்’ (2019), ‘தி ஹேண்ட் ஆன் தி வால்’ (2020) இரண்டையும் படித்தால்தான் 1936-ல் நடந்தது தெரியவரும். மூன்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். இணையத்தில் தேடும்போது கதைச்சுருக்கப் பக்கங்களை மட்டும் திறந்துவிடாதீர்கள். மூன்றாம் பாகத்து விடையை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிடுவார்கள்.